மைப்பேனா சேகரிப்பு: புதிதாக வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒரு மைப்பேனாவில் எழுதிப் பார்த்து, அடுத்தது எது என்று யோசிப்பவர்களுக்கும், மற்ற சேகரிப்பாளர்களைத் தேடிப் போகத் தயங்குபவர்களுக்கும் இந்தப் பக்கம். பதில்களில் ஒரு சாய்வு இருக்கும். பேனா எழுதுவதற்கானது, முடிந்தவரை கையில் பிடித்து, நான்கு வரி எழுதிப் பார்த்த பிறகே வாங்க வேண்டும். சேகரிப்பாளர்களோடு பழகச் சொல்வதற்கு முதல் காரணமும் அதுதான்.

முதல் பேனாவாக எதை வாங்குவது?

ஸ்டீல் நிப், கழற்றிக் கழுவ எளிய அமைப்பு, தட்டுப்பாடில்லாத உதிரிகள். இந்த மூன்றும் இருந்தால் போதும். லாமி சஃபாரி, பைலட் மெட்ரோபாலிட்டன், பிளாட்டினம் பிரெப்பி, ட்விஸ்பி ஈக்கோ ஆகியவை இந்த இடத்தில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுவது அதனால்தான். ஆனால் எல்லாக் கைக்கும் எல்லாம் பொருந்தாது. 1980இல் வந்த சஃபாரியில் விரல் பிடிக்கும் கழுத்து முக்கோணமாகச் செதுக்கப்பட்டிருக்கும். பேனாவைச் சற்றுத் திருப்பிப் பிடிக்கும் பழக்கம் உள்ளவருக்கு அந்த விளிம்பு விரலை உறுத்தும். மெட்ரோபாலிட்டனில் கழுத்து முடிந்து உடல் தொடங்கும் இடத்தில் ஒரு படி உண்டு. பேனாவைத் தள்ளிப் பிடிப்பவருக்கு அது தட்டும்.

ஒன்றை வாங்கி ஒரு மாதம் அதிலேயே எழுதுங்கள். கனம் வேண்டுமா வேண்டாமா, கழுத்து தடிமனாக இருக்க வேண்டுமா, மூடியைப் பின்னால் செருகி எழுதுவது பிடிக்கிறதா என்று கை சொல்லிவிடும். இரண்டாவது பேனாவை அதற்குப் பிறகு தேர்ந்தெடுங்கள்.

ஃபைனா, மீடியமா?

நிப்பின் மேல் பொறித்திருக்கும் அளவு எல்லா நிறுவனத்துக்கும் ஒன்றல்ல. பைலட், சைலர், பிளாட்டினம் போன்ற ஜப்பானிய நிறுவனங்களின் மீடியம், ஐரோப்பிய ஃபைனுக்கு அருகில் வரும். ஜப்பானிய ஃபைன் அதைவிட ஒரு படி மெல்லியது.

தமிழில் எழுதுபவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். ண, ன, ஞ போன்ற எழுத்துகளில் சுழிகள் நெருங்கி வரும். சிறிய கையெழுத்தில், பட்டையான நிப்பில் ‘கண்ணன்’ என்று எழுதிப் பாருங்கள். ‘ண’வின் சுழிகள் மையால் அடைந்து, மூன்றா இரண்டா என்று தெரியாமல் போகும். அப்படி ஆனால் ஒரு அளவு இறங்குங்கள். எழுத்து பெரிதாக, இடைவெளி விட்டு எழுதுபவருக்கு மீடியம் சுகமாக ஓடும். நுனி தட்டையாக இருக்கும் 1.1 மி.மீ. ஸ்டப் நிப்பில் குறுக்குக் கோடு மெலிந்தும் நெடுங்கோடு தடித்தும் விழும். தலைப்புகளுக்கும் கடித உறை முகவரிக்கும் அழகு, அன்றாடக் குறிப்புக்கு அவ்வளவு ஒத்துவராது.

தங்க நிப் அவசியமா?

இல்லை. காகிதத்தைத் தொடுவது தங்கம் அல்ல. நுனியில் ஒட்டியிருக்கும் கடினமான உலோகக் கலவை மணி. ஸ்டீல் நிப்பிலும் அதே வகை மணிதான். அந்தக் காலத்து அமில மைகள் இரும்பை அரித்தன, தங்கத்தை அரிக்கவில்லை. தங்கம் வந்ததற்கு முக்கியக் காரணம் அதுதான். 585 என்று பொறித்திருந்தால் 14 காரட், 750 என்றால் 18 காரட். காரட் கூடினால் நிப் மிருதுவாகிவிடும் என்பதும் சரியல்ல. வளைவுத் தன்மையைத் தீர்மானிப்பது தகட்டின் தடிமனும் வடிவமும்தான்.

மை நிரப்பும் முறைகளில் எது நல்லது?

கார்ட்ரிட்ஜ், அதாவது மை அடைத்து விற்கும் சிறு குழல்: சர்வதேசக் குட்டை அளவில் சுமார் 0.8 மி.லி. கொள்ளும். பைலட், சைலர், பிளாட்டினம், லாமி, பார்க்கர் ஆகியவற்றுக்கு அவரவர் அளவு தனி; ஒன்று மற்றதில் பொருந்தாது. அதே இடத்தில் செருகி, புட்டியிலிருந்து மை உறிஞ்ச உதவும் கன்வெர்ட்டர் 0.5 முதல் 1 மி.லி. வரை பிடிக்கும். கழுவுவதற்கு இதைவிட எளிது எதுவும் இல்லை என்பதால் புதியவர்களுக்கு எங்கள் பரிந்துரை கன்வெர்ட்டர்தான்.

பிஸ்டன்: பின்பகுதியைத் திருகினால் உள்ளே ஒரு அடைப்பான் ஏறி இறங்கி மையை உறிஞ்சும். 1929இல் பெலிகன் நிறுவனம் கொண்டுவந்த பேனாவுக்குப் பிறகு இந்த முறை நிலைபெற்றது. மை நிறையக் கொள்ளும்; கழுவ நேரம் பிடிக்கும்.

ஐட்ராப்பர், அதாவது பேனாவின் உடலிலேயே ஃபில்லரால் நேராக மை ஊற்றுவது: 2 மி.லி.க்கு மேலும் கொள்ளும். இதில் ஒரு சிக்கல் உண்டு. மை மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கும்போது மீதி இடத்தில் காற்று நிறையும். உள்ளங்கைச் சூட்டில் அந்தக் காற்று விரிந்து மையை வெளியே தள்ள, எழுதிக்கொண்டிருக்கும் வரியில் ‘பொட்’டென்று ஒரு சொட்டு விழும். மை அந்த அளவுக்கு இறங்கும் முன்பே மறுபடி நிரப்புவதே வழி. மரையில் சிலிக்கோன் கிரீஸ் மெல்லியதாகத் தடவுங்கள். பெட்ரோலியம் ஜெல்லி வேண்டாம், ரப்பர் வளையத்தைக் கெடுக்கும்.

லீவர், பட்டன், ஏரோமெட்ரிக் ஆகியவை பழைய பேனாக்களில் வருபவை; மூன்றிலும் உள்ளே இருக்கும் ஒரு பையை அழுத்தி விட்டால் அது மையை உறிஞ்சும். அவற்றைப் பற்றிப் பின்னால்.

எந்த மை போட்டாலும் ஓடுமா?

மைப்பேனாவுக்கென்று செய்த, சாயத்தால் ஆன மை எதுவும் பொதுவாகப் பாதுகாப்பானது. போடவே கூடாதது இந்தியன் இங்க். அதில் இருக்கும் அரக்கு உள்ளே காய்ந்தால், நிப்புக்கு மை கொண்டுவரும் ஃபீடின் நுண்ணிய வாய்க்கால்கள் அடைந்துபோகும்; பெரும்பாலும் மீட்க முடியாது.

பிக்மென்ட் மையும் (கரையாத நிறத்துகள் கொண்டது) அயர்ன் கால் மையும் (இரும்பு உப்பு கலந்தது) தண்ணீரில் அழியாதவை என்பதால் பலருக்குப் பிடிக்கும். போடலாம், ஆனால் அந்தப் பேனாவில் தினமும் எழுத வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டும். மினுமினுப்புத் துகள் கலந்த மைகள் அடியில் படியும். அவற்றை அகலமான நிப் உள்ள, எளிதில் பிரிக்கக்கூடிய பேனாவுக்கு ஒதுக்குங்கள்.

இரண்டு மைகளைக் கலக்க ஆசை வந்தால் முதலில் ஒரு சிறு குப்பியில் கலந்து மூடி ஒரு நாள் வையுங்கள். அடியில் கசடு தெரிந்தால் அது பேனாவுக்குள் போகக் கூடாது. எடுத்த மையைத் திரும்ப புட்டியில் ஊற்றும் பழக்கமும் வேண்டாம். பூஞ்சை இப்படித்தான் புட்டிக்குள் குடியேறுகிறது. மேலே வெள்ளைப் படலமோ நூலோ மிதந்தால், அல்லது ஊசிய வாடை வந்தால், அந்தப் புட்டியைத் தயங்காமல் கொட்டிவிடுங்கள்.

எப்படிக் கழுவ வேண்டும்?

சாதாரணக் குளிர்ந்த தண்ணீர் போதும். வெந்நீர் கூடாது, ஆல்கஹால் அறவே கூடாது, பல பிளாஸ்டிக்குகள் விரிசல் விடும். கன்வெர்ட்டரைக் கழற்றி, ரப்பர் பல்ப் சிரிஞ்சால் கழுத்தின் பின்பக்கமிருந்து தண்ணீரைத் தள்ளினால் ஒரு நிமிடத்தில் தெளிந்த நீர் வரும். பிறகு நிப்பைக் கீழ்நோக்கி டிஷ்யூ தாளில் நிறுத்தி இரவு முழுக்க விடுங்கள். காலையில் தாளில் நிறம் பரவியிருந்தால் இன்னொரு முறை.

காய்ந்துபோன மைக்கு: ஒன்பது பங்கு தண்ணீர், ஒரு பங்கு வீட்டு உபயோக அம்மோனியா, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி. அரை மணி நேரம் விட்டு, நல்ல தண்ணீரில் பலமுறை அலசுங்கள். அலுமினியப் பாகங்கள் உள்ள பேனாவுக்கும், கேசின் என்ற பால் புரதப் பிளாஸ்டிக்கில் செய்த பேனாவுக்கும் இது ஆகாது. இந்தக் கலவை இருக்கும் இடத்தில் குளோரின் பிளீச் இருக்கவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் நச்சு வாயு.

பேனா எழுத மறுக்கிறது அல்லது கீறுகிறது. எங்கிருந்து பார்ப்பது?

இந்த வரிசையில் போங்கள். ஆரம்பத்திலேயே நிப்பைத் தேய்க்க இறங்குபவர்கள்தான் நல்ல நிப்பைக் கெடுக்கிறார்கள்.

முதலில் கழுவுங்கள். புதுப் பேனாவிலும் தயாரிப்பின்போது படிந்த எண்ணெய் ஃபீடில் இருக்கும். துளி சோப்புக் கலந்த தண்ணீரில் கழுவினாலே பாதிப் பிரச்சினை போய்விடும். அடுத்து மையை மாற்றிப் பாருங்கள். சில மை வறண்டு ஓடும், சில தாராளமாக ஓடும். மூன்றாவது, தாள். கை வியர்வை பட்ட இடத்தில் மை பிடிக்காது. பக்கத்தின் கீழ்ப்பாதியில் மட்டும் எழுத்து விட்டுவிட்டு வந்தால் குற்றம் பேனாவுடையது அல்ல. கைக்கு அடியில் ஒரு தாள் வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்கும் சரியாகவில்லை என்றால் 10 மடங்கு பெரிதாக்கும் லூப் கண்ணாடி வேண்டும். நிப்பை நேராக உங்கள் கண்ணை நோக்கிப் பிடித்துப் பாருங்கள். நுனியின் இரண்டு பாதிகளும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒன்று தாழ்ந்திருந்தால், ஒரு திசையில் இழுக்கும்போது மட்டும் கீறும். மேலே நிற்கும் பாதியை நகத்தால் மெதுவாகக் கீழே அழுத்தி விடுங்கள், மறுபடி பாருங்கள். தலைமுடியளவு நகர்வு போதும்.

பாதிகளுக்கு நடுவே வெளிச்சமே தெரியவில்லை என்றால் பிளவு இறுகியிருக்கிறது, மை குறைவாக வரும். 0.05 மி.மீ. பித்தளைத் தகட்டைப் பிளவில் செருகி மேலும் கீழுமாக மெல்ல இழுத்தால் கொஞ்சம் தளரும். பிளவு நுனியில் அகன்றிருந்தால் மை அங்கே பாலம் கட்ட முடியாமல் அறுந்துபோகும்.

நுனி வழவழப்பாக இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு சொல்லின் முதல் கோடும் விழவில்லை என்றால், பளபளப்பு ஏற்றும்போது பிளவின் உள்விளிம்புகள் அதிகமாக உருண்டுபோயிருக்கும். மை தாளைத் தொடாமல் உள்ளேயே நின்றுவிடுகிறது. இதற்கு மட்டும்தான் தேய்ப்பு. 12,000 கிரிட் மைக்ரோமெஷ் என்ற மிக நுண்ணிய தேய்ப்புத் தாளில், மை உள்ள நிலையில், அழுத்தமே இல்லாமல் நான்கைந்து முறை எட்டு வடிவம் போட்டு, தாளில் எழுதிப் பார்த்து, மறுபடி. போன உலோகம் திரும்பாது. விலையுயர்ந்த நிப்பில் முதல் பாடம் படிக்காதீர்கள். தொழில்முறையாக நிப் சீர்செய்பவரிடம் கொடுங்கள்.

சாதாரண நோட்டில் எழுதலாமா?

எழுதலாம், மெல்லிய நிப்பும் வறண்ட மையும் இருந்தால் தாங்கும். மை நார் நாராகப் பரவுவதும் பின்பக்கம் ஊறுவதும் தாளின் கனத்தைவிட, அதன் மேற்பூச்சைப் பொறுத்தது. சதுர மீட்டருக்கு 52 கிராம் கனமுள்ள டோமோயே ரிவர் தாள் காற்றில் பறக்கும் அளவுக்கு மெல்லியது, ஆனாலும் மை ஊறாது. 100 கிராம் தாள் சில ஊறித் தொலைக்கும்.

எதைச் சேர்ப்பது என்று எப்படி முடிவு செய்வது?

கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கினால் இரண்டு வருடத்தில் இழுப்பறை நிறையும், எழுத எடுப்பது மூன்று பேனாவாக இருக்கும். ஒரு எல்லை போட்டுக்கொண்டவர்களின் சேகரிப்புதான் பார்க்கச் சுவையாக இருக்கிறது. அவர்களுக்கே பேனாவைப் பற்றி அதிகம் தெரிந்தும் இருக்கிறது.

எல்லை பலவிதம். ஒரே மாதிரி: பார்க்கர் 51 மட்டும் எடுத்தாலே நிறம், மூடி, நிரப்பும் முறை என்று வாழ்நாளுக்குப் போதும். 1941இல் சந்தைக்கு வந்தது. நிப்பைக் கூடு மூடியிருக்கும். 1948 முதல் ஏரோமெட்ரிக் முறை. ஒரே தொழில்நுட்பம்: 1952இல் ஷீஃபர் கொண்டுவந்த ஸ்னார்க்கலில், நிப்புக்கு அடியிலிருந்து ஒரு சிறு குழாய் நீண்டு வந்து மையை உறிஞ்சிவிட்டு உள்ளே போகும், நிப் நனையாது. வடிவமைப்பு: 1966இல் கெர்ட் முல்லர் வடிவமைத்த லாமி 2000 இன்றும் விற்பனையில் இருக்கிறது. 1963இல் வந்த பைலட் கேப்லெஸ்ஸுக்கு மூடியே கிடையாது. ஒரே பொருள்: கடைசல் பிடித்த எபோனைட் (கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர்) பேனாக்கள் மட்டும். எஸ்டர்புரூக் ஜே வரிசை இன்னொரு நல்ல தொடக்கம். நிப் திருகிக் கழற்றக்கூடியது, எண்ணால் அடையாளம் காணலாம். 9இல் தொடங்கும் நான்கு இலக்க எண் என்றால் நுனியில் கடின மணி உண்டு; 1, 2இல் தொடங்குபவை வெறும் ஸ்டீல் நுனி, சீக்கிரம் தேயும்.

பழைய பேனா வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் நிப்பின் நுனி. லூப் வழியே பார்த்தால் மணி இரு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் சரிந்து தேய்ந்திருந்தால் அது வேறொருவர் கைக்குப் பழகியது. மணியே இல்லை என்றால் விட்டுவிடுங்கள், மறுபடி மணி பதிப்பது பேனாவின் விலையைத் தாண்டலாம். அடுத்து மூடியின் வாய். மயிரிழை விரிசல் அங்கேதான் வரும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். உடலில் பொறித்த எழுத்து ஆழமாக இருந்தால் அதிகம் மெருகேற்றப்படவில்லை என்று பொருள். நிப், மூடி, உடல் மூன்றும் ஒரே காலத்தவையா என்றும் கேளுங்கள். இரண்டு மூன்று பேனாவின் பாகங்களைச் சேர்த்து ஒன்றாக்கியவை நிறைய உலவுகின்றன. அதில் எழுதுவதற்குத் தடையில்லை, விலைதான் குறைய வேண்டும்.

விற்பவர் முன்னால் லீவரை வலிந்து தூக்காதீர்கள். உள்ளே இருக்கும் ரப்பர் பை கல்லாக இறுகியிருந்தால் லீவர் உடையும், உடலும் பிளக்கும்.

எளிதாகத் தொடங்க ஏரோமெட்ரிக் பார்க்கர் 51. அதன் பை ரப்பர் அல்ல, பிளாஸ்டிக். பெரும்பாலானவை கழுவினாலே மறுபடி எழுதும்.

லீவர் பேனாவின் பையை நாமே மாற்றலாமா?

மாற்றலாம். விலை குறைந்த பேனாவில் பழகுங்கள்.

கழுத்தும் உடலும் சேரும் இடத்தை ஹேர் டிரையரால், கை பொறுக்கும் சூட்டுக்கு மேல் போகாமல், சுற்றிச் சுற்றிச் சூடாக்குங்கள். நெருப்பு அருகே வரக்கூடாது. பழைய செல்லுலாய்டு சட்டென்று பற்றிக்கொள்ளும். மெல்ல அசைத்து அசைத்து இழுங்கள். வரவில்லை என்றால் மறுபடி சூடு, பலம் கூடாது. பழைய பையின் துண்டுகளை உடலுக்குள்ளிருந்து முழுக்கச் சுரண்டி எடுத்து, அழுத்தத் தகடு அசைகிறதா என்று பாருங்கள்.

பையின் எண் என்பது அங்குலத்தில் 64இல் எத்தனை பங்கு என்பது. 16ஆம் எண் என்றால் சுமார் 6.35 மி.மீ. உடலுக்குள் தகட்டை ஒட்டி உரசாமல் போகும் அளவைத் தேர்ந்தெடுத்து, அடியைத் தொடாத நீளத்துக்கு வெட்டுங்கள். கழுத்தின் முனையில் அரக்குக் கரைசல் மெல்லியதாகப் பூசிப் பையைச் செருகி ஒரு இரவு காயவிடுங்கள். பிறகு வாசனை சேர்க்காத டால்க் பொடி தூவி உள்ளே தள்ளுங்கள். சூப்பர் குளூ வேண்டாம்: அரக்கு சூட்டில் இளகும், அடுத்த முறை பிரிக்க முடியும், சூப்பர் குளூ போட்டதைப் பிரித்தால் கழுத்தே உடையும்.

எப்படிப் பாதுகாப்பது?

மை நிரப்பிய பேனா மூன்று நான்குக்கு மேல் வேண்டாம். மற்றவை கழுவி, காய்ந்து, வெயில் படாத இடத்தில். கறுப்பு எபோனைட்டை முழுதாகத் தண்ணீரில் ஊறவைத்தால் பழுப்பாகிவிடும். கேசின் பேனா தண்ணீரில் ஊதிப் போகும். கான்வே ஸ்டூவர்ட்டின் பழைய மாதிரிகள் சிலவற்றில் கேசின் உண்டு. வெளிர் நிறச் செல்லுலாய்டு, ரப்பரிலிருந்து வரும் கந்தக ஆவியால் மஞ்சளாகும். ஆகவே எபோனைட்டோடு காற்றுப் புகாத பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள்.

ஒவ்வொரு பேனாவுக்கும் ஒரு பதிவு வைத்துக்கொள்ளுங்கள்: மாதிரி, நிப், வாங்கிய நாள், விலை, செய்த பழுது, கடைசியாகப் போட்ட மை. விற்கும்போதும் மாற்றும்போதும் இந்தத் தாளுக்கு மதிப்பு உண்டு.

மற்ற சேகரிப்பாளர்களை எங்கே பார்ப்பது?

பேனாக் கடையிலும் பழுது பார்ப்பவரிடமும் கேட்பதுதான் குறுக்கு வழி. வழக்கமாக வருபவர்களை அவர்களுக்குத் தெரியும். பல நகரங்களில் மாதம் ஒருமுறை சிறு சந்திப்புகள் நடக்கின்றன. பிரிட்டனில் ரைட்டிங் எக்விப்மென்ட் சொசைட்டி, அமெரிக்காவில் பென் கலெக்டர்ஸ் ஆஃப் அமெரிக்கா ஆகிய சங்கங்கள் உறுப்பினர்களுக்கு இதழும் நடத்துகின்றன. பெரிய கண்காட்சிகளில் வாஷிங்டனில் நடப்பது பெயர் பெற்றது. நவம்பரின் முதல் வெள்ளிக்கிழமை மைப்பேனா தினம். பல குழுக்கள் அன்று கூடுகின்றன. கூட்டம் ஒத்துவராதவர்கள் கடிதத்தில் தொடங்கலாம். பிப்ரவரி மாதம் நாளுக்கொரு கடிதம் கையால் எழுதும் வழக்கம் பல நாடுகளில் பரவியிருக்கிறது.

முதல் சந்திப்புக்கு எதை எடுத்துப் போவது? விலையுயர்ந்த பேனா இல்லையே?

தேவையில்லை. மை நிரப்பிய ஒன்றிரண்டு பேனா, உங்களுக்குப் பழகிய நோட்டு, டிஷ்யூ. இருந்தால் ஒரு லூப். நோட்டுதான் முக்கியம். ஒவ்வொரு பேனாவையும் அதே தாளில் எழுதிப் பார்த்து, பக்கத்திலேயே பேனா, நிப், மை மூன்றையும் குறித்தால், வீட்டுக்குப் போய் நிதானமாக ஒப்பிடலாம்.

மேசையில் இருக்கும் பேனாவைக் கேட்டுவிட்டு எடுங்கள். மூடி திருகா, இழுப்பா என்று கேளுங்கள். திருகு மூடியை இழுத்தால் மரை போகும். மூடியைப் பின்னால் செருகாதீர்கள், கோடு விழும். நிப்பை அழுத்தி விரித்துப் பார்க்க உரிமையாளர் சொன்னால் மட்டும். மை நிரப்பாத பேனாவை மைக்குள் தோய்க்கும் முன்பும் கேட்க வேண்டும். விற்பனைக்கு வைத்திருக்கும் பழைய பேனா சிலவற்றில் ஒருபோதும் மை பட்டிருக்காது, ஒரு தோய்ப்பில் அதன் விலை இறங்கும். ஒருவர் பேரம் பேசிக்கொண்டிருக்கும் பேனாவில் குறுக்கே விலை சொல்லக் கூடாது. திருப்பிக் கொடுக்கும்போது நிப்பைத் துடைத்து, மூடி, கையில் கொடுங்கள்.

இத்தனை விதி இருக்கிறதே என்று மிரள வேண்டாம். தெரியாததைக் கேட்பவரைக் கண்டால் சேகரிப்பாளர்களுக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. பத்து வருடம் தேடி எடுத்த பேனாவை அறிமுகமில்லாத கையில் கொடுத்து ‘எழுதிப் பாருங்க’ என்பார்கள்.

பக்கத்தில் சந்திப்பே இல்லை. நாமே தொடங்கலாமா?

மூன்று பேர் போதும். வெளிச்சமான இடம், நான்கு பேர் உட்காரும் மேசை, இரண்டு மணி நேரம். மேசைமேல் விரிக்கத் தடித்த தாள், கழுவ ஒரு குவளைத் தண்ணீர், டிஷ்யூ. மாதத்தில் ஒரே நாளை நிரந்தரமாக வையுங்கள், உதாரணமாக இரண்டாம் ஞாயிறு. நாளை மாற்றிக்கொண்டே இருந்தால் குழு கலைந்துவிடும்.

முதல் மாதங்களில் வேலை கொடுங்கள்: ஒரு முறை எல்லாரும் ஒரே மையை வெவ்வேறு நிப்பில், அடுத்த முறை ஒரு பேனாவைப் பிரித்துக் கழுவுவது. மை பரிமாற்றம் எளிய பழக்கம். 2 மி.லி. குப்பிகளில், சிரிஞ்சால் எடுத்து, மையின் பெயரும் தேதியும் எழுதி ஒட்டிக் கொடுங்கள். ஒரு மைக்கு ஒரு சிரிஞ்ச். இல்லையென்றால் நடுவே கழுவ வேண்டும். விற்பனையை நேரத்தின் கடைசி அரை மணிக்கு ஒதுக்குங்கள். ஆரம்பத்திலேயே விட்டால் பேச்சு முழுக்க விலையைப் பற்றியதாகிவிடும்.

விமானத்தில் மை நிரப்பிய பேனாவைக் கொண்டுபோகலாமா?

முழுக்க நிரப்பி அல்லது முழுக்கக் காலியாக, நிப் மேல்நோக்கி. அழுத்தம் குறையும்போது உள்ளே இருக்கும் காற்று விரிகிறது. காற்றே இல்லையென்றால் மை நகராது. பாதி நிரப்பியதுதான் கசியும். தரையிறங்கிய பின் மூடியை, டிஷ்யூவை அடியில் பிடித்துக்கொண்டு, நிப்பை மேல்நோக்கி வைத்தே திறங்கள்.